கோயிலும் பள்ளியும்
ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் சரித்திரச் சுருக்கம்

திருக்கோயிலுக்குக் கல்லும் சுதையும் உடம்பு. முறை வழுவாது நாள்தோறும் நிகழும் பூசை அதற்கு உயிர். அப்பூசையின் பொருளையறிந்து வழிபடும் அடியார் திருக்கூட்டமோ அதற்கு அறிவு. உடம்பைப் பெருக்கி உயிரை வாடவிடுதலும், உயிரைப் பேணி அறிவை மறந்துவிடுதலும் நிறைந்த கோயிற்றொண்டு ஆகமாட்டா. இவ்வுண்மையைத் தம் வாழ்நாள் முழுவதையும் செலவிட்டு நாட்டுக்கு உணர்த்திய பெரியார் யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள். கோயில் நிலைபெறவேண்டுமாயின் அதன் அருகே பள்ளி வேண்டும். பள்ளி நிலைபெறவேண்டுமாயின் ஊர்ப் பொதுக்காரியங்களில் அறிந்தோர் குரல் ஒலிக்கவேண்டும் என்பது அவர் வாழ்க்கையாற் பெறப்படும் பாடம். திருக்குடமுழுக்குக் காணும் அன்பர்கள் அவ்வரலாற்றைச் சிந்தித்தல் சாலவும் பொருத்தமுடையது.

காலநிலை

ஈழமண்டலத்தின் வடபாலுள்ள யாழ்ப்பாண நாட்டில் 1619-ஆம் ஆண்டு தமிழரசு வீழ்ந்தது. வென்ற போர்த்துக்கீசர் கோயில்களை இடித்தனர். 1658-ஆம் ஆண்டிற் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஊர்தோறும் தங்கள் ஆலயத்தையும் பள்ளிக்கூடத்தையும் ஒருசேர வைத்தனர். பிறப்பும் மணமும் அப்பள்ளித் தோம்புகளிலே பதியப்பட்டன. ஆதலால் பிள்ளைக்கு எழுத்தறிவு வேண்டினும், மணத்திற்குச் சட்டத்தின் ஒப்புதல் வேண்டினும், மக்கள் அவ்வாலய வாயிலையே நாடவேண்டியதாயிற்று. வெளியே ஒரு சமயமும் வீட்டினுள்ளே ஒரு சமயமுமாக மக்கள் ஒழுகிய காலம் அது. கல்வியையும் ஆட்சியையும் சமயத்தோடு பிணைத்த கட்டு அந்நாட்டில் அன்றே இறுகிவிட்டது.

பின்னர் ஆங்கிலேயர் ஆட்சி வந்தது. கோயில் வழிபாட்டுக்கு இருந்த தடை நீங்கிற்று. மறைந்து கிடந்த மூர்த்திகள் வெளிவந்தன; இடிந்த கோயில்கள் எழுந்தன. ஆயினும் கல்வி சைவர் கைக்கு மீண்டு வந்திலது. 1814-ஆம் ஆண்டில் வெசிலியன் சங்கத்தாரும், 1816-ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷன் சங்கத்தாரும், 1818-ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் திருச்சபைச் சங்கத்தாரும் யாழ்ப்பாணம் வந்து பள்ளிகள் நாட்டினர். வட்டுக்கோட்டையில் 1823-ஆம் ஆண்டு எழுந்த செமினரியும், உடுவிலில் 1824-ஆம் ஆண்டு பெண்களுக்கென எழுந்த விடுதிப் பள்ளியும் புகழ் மிக்கன. அப்பாதிரிமார் ஆங்கிலமும் கணிதமும் வானநூலும் கற்பித்தனர். தமிழையும் ஊன்றிப் பயின்றனர். பிற்காலத்தில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கவும் முற்பட்டனர். அவர் செய்த நன்மையை மறுத்தல் நன்றியறிதலாகாது. ஆனால் அக்கல்வியோடு அவர்தம் சமயமும் வந்தது. அரசினர் உத்தியோகத்திற்கு ஆங்கிலக் கல்வியே வாயில். அவ்வாயிலின் திறவுகோலோ பாதிரிமார் கையில். தந்தை திருநீறணிந்து கோயிலுக்குப் போக, மைந்தன் பள்ளியில் அத்திருநீற்றை இழிவாகக் கருதக் கற்று வீடு திரும்பினான். கோயில்கள் எழுந்துகொண்டிருந்தன, அவற்றுள் நின்று வழிபடவேண்டிய தலைமுறையோ கையினின்று நழுவிக்கொண்டிருந்தது.

பிறப்பும் கல்வியும்

இக்காலநிலையில் சித்திரபானு வருடம் மார்கழி மாதம், ஆங்கிலக் கணக்கில் 1822-ஆம் ஆண்டு டிசெம்பர் 18-ஆம் நாள், நல்லூரில் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் புதல்வராக நாவலர் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் ஆறுமுகம். இளமையில் ஊர்த் திண்ணைப் பள்ளியிலே தமிழ் நெடுங்கணக்கும் நீதி நூல்களும் நிகண்டும் கற்றார். பின்னர் இருபாலைச் சேனாதிராய முதலியாரிடத்தும், நல்லூர்ச் சரவணமுத்துப் புலவரிடத்தும் இலக்கண இலக்கியங்களை ஐயந்திரிபறக் கேட்டார். சித்தாந்த நூல்களைத் தாமே ஆராய்ந்து தெளிந்தார். வடமொழியும் பயின்றார்.

ஆங்கிலம் கற்பதற்கு அவர் சென்ற இடம் யாழ்ப்பாணத்து வெசிலியன் மத்திய பள்ளிக்கூடம். அதன் தலைவர் பேர்சிவல் பாதிரியார் தமிழறிவும் பெருந்தன்மையும் உடையவர். மாணாக்கருடைய நுண்ணறிவைக் கண்டு, அவரை அப்பள்ளியிலேயே ஆசிரியராக்கினார். தமக்குத் தமிழ்ப் பண்டிதராகவும் கொண்டார். விவிலிய நூலைத் திருந்திய தமிழில் மொழிபெயர்க்கும் பணியிற் பேர்சிவலுக்கு அவர் பல ஆண்டுகள் துணைநின்றார். அம்மொழிபெயர்ப்பைச் சென்னபட்டணத்திற்குக் கொண்டுசென்று காட்டியபோது, அங்கிருந்த தமிழ் வித்துவானாகிய மகாலிங்கையர் அதன் நடையைப் பிழையற்றதென ஒப்புக்கொண்டார் என்பர்.

சைவ மரபில் ஊறிய ஒருவர் பிறசமய நூலை மொழிபெயர்த்தற்குத் துணைபோயது எங்ஙனம் என்று ஐயுறுவார் உளர். மேற்கொண்ட தொழிலை வஞ்சமின்றி முடித்தல் அவர் இயல்பு. அன்றியும் அப்பணியால் அவர் பெற்ற பயன் பெரிது. பாதிரிமார் சமயத்தை எவ்வாறு பரப்புகின்றனர் என்பதை அவர் அணுகி நின்று கண்டார். கிழமைதோறும் பிரசங்கம், எளிய வினாவிடை நூல், அச்சிட்ட பாடநூல், ஒழுங்கான வகுப்பு, கணக்கெழுதிய நிதி என்னும் இவ்வைந்துமே அவர்தம் வலிமை என்று உணர்ந்தார். இவற்றுள் ஒன்றேனும் சைவத்திற்கு மாறானதன்று. சைவர் கைவிட்டிருந்தவையே இவை என்பதையும் அவர் கண்டுகொண்டார்.

பிரசங்கமும் வித்தியாசாலையும்

1847-ஆம் ஆண்டு டிசெம்பர் 31-ஆம் நாள் வெள்ளிக்கிழமை மாலை, வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் அவருடைய முதற் பிரசங்கம் நிகழ்ந்தது. அந்நாள் தொட்டு வெள்ளிக்கிழமைதோறும் அங்கே பிரசங்கம் நடைபெற்றது. நண்பராகிய கார்த்திகேய ஐயர் அதில் துணைவராயினார். கோயிலிற் புராணம் படித்தல் முன்னரே உண்டு. பாட்டைப் படித்துப் பயன் சொல்லும் அம்மரபைக் கடந்து, கடவுளிலக்கணம், ஆலய தரிசன விதி, கொல்லாமை, கள்ளுண்ணாமை, கல்வி என ஒவ்வொரு பொருளை எடுத்துக்கொண்டு யாவரும் விளங்கும் உரையாற் பேசுதல் கேட்டோர்க்குப் புதுமையாயிற்று. வழிபட வந்தோர் இருந்து கேட்டனர். கேட்டோர் வீடு சென்று சிந்தித்தனர்.

ஆயினும் முதிர்ந்தோர்க்குச் செய்யும் பிரசங்கம் மட்டும் போதாதென்பது அவருக்கு விரைவில் விளங்கிற்று. இளைஞர் நாள்தோறும் கற்பது வேறாக, கிழமைக்கு ஒருமுறை தந்தையர் கேட்பது என் செய்யும்? ஆகவே 1848-ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கப்பெற்றது. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திற் பேர்சிவலின் பள்ளிக்கூடத்து உத்தியோகத்தை அவர் விடுத்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. ஊதியத்தைப் பெருக்கித் தருவதாகப் பேர்சிவல் வேண்டியும் அவர் இசைந்திலர் என்று சரித்திரமெழுதினோர் கூறுவர். இல்லறத்தையும் அவர் மேற்கொண்டிலர். பள்ளியே இல்லமாகவும் மாணாக்கரே மக்களாகவும் கொண்டார்.

வித்தியாசாலைக்கு அரசினர் உதவியில்லை. பெருஞ்செல்வர் துணையும் அருகியதே. தொடக்கத்தில் ஆசிரியர்கள் ஊதியமின்றிக் கற்பித்தனர். சைவ மனைதோறும் உலையிடும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைக்குமாறு வேண்டி, அப்பிடியரிசியைத் தொகுத்துப் பள்ளியை நடத்தினர். செல்வரின் ஆயிரம் ஒருநாள் வரும், ஒருநாள் வாராது. அடுக்களையிலிருந்து வரும் பிடியரிசியோ நாள்தோறும் வரும். அதனோடு அவ்வில்லத்தாரின் மனமும் வரும். பள்ளி ஊரார் உடைமை என்னும் உணர்ச்சியை அந்த அரிசி வளர்த்தது.

நாவலர் பட்டமும் அச்சியந்திரமும்

பள்ளி நடந்தாற் போதுமா? பிள்ளைகள் கையிற் கொடுக்க நூல் வேண்டுமே. அக்காலத்து அச்சிட்ட பாடநூல்களிற் பெரும்பாலன பாதிரிமார் வெளியிட்டவை. அச்சியந்திரம் வாங்கும் பொருட்டு 1849-ஆம் ஆண்டில் மாணாக்கராகிய சதாசிவப்பிள்ளையோடு அவர் தமிழ்நாட்டிற்குச் சென்றார். வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்தை அடைந்தார். பண்டாரசந்நிதிகள் திருமுன்பு அவர் செய்த பிரசங்கத்தைக் கேட்டு மகிழ்ந்து, ஆதீனத்தார் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தைச் சூட்டினர். நல்லூர் ஆறுமுகம் அன்று முதல் ஆறுமுக நாவலராயினார். தமிழாசிரியர் பரம்பரையைப் பல தலைமுறையாக ஓம்பிவந்த ஆதீனம் ஈழத்து இளைஞர் ஒருவரை இவ்வாறு சிறப்பித்தமை, கடல் இடையிட்டும் சைவம் ஒன்றே என்பதைக் காட்டுவதாயிற்று.

கொண்டுவந்த அச்சியந்திரம் வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலை என்னும் பெயருடன் நிறுவப்பெற்றது. பாலபாடங்கள் அதிலே வெளிவந்தன. முதற்புத்தகம் எழுத்தும் சொல்லும் சிறு வாக்கியமும் கற்பிக்கும். மேல்வகுப்புப் புத்தகமோ கடவுள், ஆலய வழிபாடு, கல்வி, களவு, நன்றியறிதல் முதலிய பொருள்களை ஒவ்வொரு பாடமாக விளக்கும். சொற்களைப் பிரித்தும், வாக்கியங்களை நிறுத்தக் குறிகளால் வரையறுத்தும் பொருள் தெளிவாகும் வண்ணம் அவர் எழுதினார். தமிழ் உரைநடை பொதுமக்கள் கைக்கு எட்டியது அவ்வகை நூல்களாலேயாம். பெரியபுராண வசனம் 1852-ஆம் ஆண்டில் வெளிவந்தது. செய்யுள் கற்றார்க்கே உரியதாயிருந்த நாயன்மார் சரித்திரம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தார் யாவர்க்கும் உரியதாயிற்று. சைவ வினாவிடை, இலக்கணச் சுருக்கம் என்பனவும் பள்ளிப் பிள்ளைகளை நோக்கி எழுந்தனவே. திருக்குறட் பரிமேலழகருரை முதலிய பழைய நூல்களையும் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பிழையறப் பதிப்பித்தார். இராமநாதபுரத்துப் பொன்னுச்சாமித் தேவர் முதலியோர் அப்பதிப்புப் பணிக்குப் பொருளுதவினர்.

1854-ஆம் ஆண்டில் வெளிவந்த சைவதூஷண பரிகாரம் என்னும் நூலில், சைவக் கிரியைகளைப் பாதிரிமார் இகழ்ந்தமைக்கு அவர் விடையிறுத்தார். விவிலியத்தை வரிவரியாக அறிந்தவராதலின், சைவத்தில் அவர்கள் குறைகூறிய நீர், தீபம், பலிபீடம் முதலிய கிரியைப் பொருள்கள் அவர்தம் நூலின் பழைய ஏற்பாட்டிலும் விதிக்கப்பட்டிருத்தலை எடுத்துக் காட்டினார். பேர்சிவலிடம் செலவிட்ட ஆண்டுகள் வீண்போயின அல்ல என்பது இதனாற் புலனாம். எதிர்ப்போரின் நூலைப் படியாது எதிர்த்தல் அவர் வழக்கமன்று.

சிதம்பரத்தில்

சைவர்க்குக் கோயில் என்றாலே சிதம்பரம். அத்தலத்தில் ஒரு வித்தியாசாலை வேண்டும் என்பது நாவலரின் நெடுநாள் விருப்பம். யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் பொருள் தொகுத்து, 1864-ஆம் ஆண்டில் அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஆடல்வல்லானைத் தரிசிக்க வருவோர் அளிக்கும் பொருள் அன்னதானத்திற்கும் அலங்காரத்திற்கும் செல்லுதல்போலவே, ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கும் செல்லவேண்டும் என்பது அவர் கருத்து. அப்பள்ளி இன்றும் அவர் பெயர் தாங்கி அவ்வூரில் விளங்குகின்றது.

கோயிற் கணக்கும் பள்ளிக் கணக்கும்

தமிழ்நாட்டிற் சில ஆண்டுகள் தங்கிப் பின்னர் யாழ்ப்பாணம் திரும்பிய நாவலர், அங்கே கண்ட நிலையை எண்ணி வருந்தினார். 1872-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் சிறு நூலை வெளியிட்டார். அதில் அவர் கடிந்தது பாதிரிமாரை மட்டும் அன்று. சைவரையே பெரிதும் கடிந்தார். பாடல்பெற்ற தலமாகிய திருக்கேதீச்சரம் காடடர்ந்து கிடக்க, ஊருக்குள்ளே ஒரு கோயிலுக்கு எதிராக மற்றொரு கோயில் எழுப்பும் பெருமையை அவர் வெறுத்தார். திருவிழாவில் வாணத்திற்கும் ஆடம்பரத்திற்கும் செலவிடும் பொருள் பிள்ளைகளின் படிப்பிற்குச் செல்லாமையைச் சுட்டினார். சில கோயில்களில் நிகழ்ந்த உயிர்ப்பலியை ஆகமத்திற்கு மாறென்று விலக்கினார். 1875-ஆம் ஆண்டில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைக் குறித்து விளம்பரங்கள் வெளியிட்டு, பூசையும் திருப்பணியும் ஆகமவழி நிற்கவேண்டும் என்றும், அடியார் தந்த பொருளுக்குக் கணக்கு வேண்டும் என்றும் வற்புறுத்தினார்.

தம் ஊர்க்கோயிலை, தாம் நாளும் வணங்கும் முருகன் சந்நிதியை, இவ்வாறு வெளிப்படையாக ஆராயத் துணிதல் எளிதன்று. உறவினரும் ஊரவரும் பகைத்தனர். ஆயினும் கோயில் நடத்துவோரின் மனம் நோகும் என்று கோயிலின் நலத்தைக் கைவிட அவர் உடன்பட்டிலர். கேட்பார் இல்லாத இடத்திற் கேடு புகும் என்பது அவர் கண்ட உண்மை.

இக்காலத்தில் அவருடைய நெஞ்சை மிகவும் வருத்தியது ஆங்கில வித்தியாசாலையின் முடிவு. இலங்கை அரசினர் 1869-ஆம் ஆண்டிற் பொதுக்கல்விக்கென ஒரு பகுதியை ஏற்படுத்தி, எச்சமயத்தார் நடத்தும் பள்ளியாயினும் தேர்ச்சி காட்டினால் நன்கொடை அளிக்கும் முறையை வகுத்தனர். விதி யாவர்க்கும் பொதுவாயினும், முன்னரே ஊர்தோறும் பள்ளி வைத்திருந்த மிஷன் சங்கத்தார்க்கே அது பெரிதும் பயன்பட்டது. சைவப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்கும்பொருட்டுத் தம் சமயத்தை விடவேண்டிய நிலை ஒழியவேண்டும் என்று கருதி, நாவலர் 1872-ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார். பொருளில்லாமையால் அது சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. கோயிற் கோபுரங்கள் உயர்ந்த அதே நாட்டில், அதே செல்வர் வாழ்ந்த அதே காலத்தில், சைவர்க்கென எழுந்த ஆங்கிலப் பள்ளி ஆதரவின்றி மாண்டது. இதற்குப் பாதிரிமாரைக் குறைகூறி என் பயன்?

வரலாற்றை முழுதும் உரைக்குமிடத்து மற்றொன்றையும் மறைத்தலாகாது. நாவலருடைய பள்ளியும் பிரசங்கமும் அக்காலச் சாதியாசார வரம்பினுள்ளேயே நின்றன. அவ்வரம்பை அவர் கடந்தாரல்லர். கடக்கவேண்டும் என்று சொன்னாருமல்லர். அதனாற் கோயில் வாயிலும் பள்ளி வாயிலும் அடைபட்டு நின்ற சைவ மக்கள் பலர். மிஷன் பள்ளிகளை அவர்கள் நாடியதற்கு இதுவும் ஒரு காரணம். பெரியபுராணத்தை யாவரும் படிக்கத் தந்தவர் நாவலர். அதனுள் திருநாளைப்போவாரும் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் தொழத்தக்க அடியாராக விளங்குகின்றனர். அந்நூல் உணர்த்தும் நீதியை நடைமுறையில் நிறைவேற்றுதல் அவருக்குப் பின்வந்தோர் மேல் நின்ற கடன். பெரியாரைப் போற்றுதல் என்பது அவர் விட்ட குறையை நிரப்புதலும் ஆம்.

ஊர்ப் பொதுக்காரியம்

சமயப் பணியாளர்க்கு அரசியல் எதற்கு என்று எண்ணுவோர்க்கு நாவலரின் இறுதி ஆண்டுகள் விடைகூறும். 1877-ஆம் ஆண்டையொட்டி யாழ்ப்பாணத்திற் பஞ்சமும் கொள்ளை நோயும் மக்களை வாட்டின. நாவலர் பொருள் தண்டிக் கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்தினார். பசித்து வந்தோர்க்குக் கஞ்சி வார்த்த அதே காலத்தில், வடமாகாணத்து ஏசண்டராயிருந்த துவைனந் துரையின் ஆட்சி முறை மக்கள் துயரை அறியாததாயுள்ளது என்று எடுத்துக்காட்டி எழுதவும் பேசவும் செய்தார். அக்காலத்தில் ஏசண்டர் என்பார் மாகாணத்திற்கு ஓர் அரசரையொப்பார். அவரை எதிர்த்துப் பேசுதற்குப் பதவியுடையார் அஞ்சினர். பதவியோ சம்பளமோ இல்லாத நாவலர் அஞ்சவில்லை. அரசினரிடம் ஒன்றும் வேண்டாதவனே அரசினரிடம் ஊர்க்காக வேண்ட வல்லவன் என்பது இதனால் அறியப்படும்.

1879-ஆம் ஆண்டு மே மாதத்திற் சேர் முத்துக்குமாரசுவாமி காலமானார். இலங்கைச் சட்டநிரூபண சபையில் தமிழர்க்கென இருந்த ஓரிடம் வெற்றிடமாயிற்று. அந்நாளில் வாக்குரிமைத் தேர்தல் இல்லை. மக்கள் விருப்பத்தை விண்ணப்பங்களால் அறிந்து தேசாதிபதியே உறுப்பினரை நியமிப்பார். அவ்விடத்திற்குக் கிறித்தவரும் கற்றறிந்த நியாயவாதியுமாகிய கிறிஸ்தோப்பர் பிரிட்டோவின் பெயர் பேசப்பட்டது. முத்துக்குமாரசுவாமியின் மருகராகிய பொன்னம்பலம் இராமநாதன் அப்பொழுது இருபத்தெட்டு வயதினர். நாவலர் இராமநாதனையே தக்கவராகக் கண்டார். மே மாதம் 22-ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சைவப்பிரகாச வித்தியாசாலையிற் பெருங்கூட்டம் கூட்டி, அவரை நியமிக்குமாறு வேண்டும் தீர்மானத்தை நிறைவேற்றச் செய்தார். அவ்வாறே இராமநாதன் நியமனம் பெற்றார்.

அக்கூட்டம் கூடிய இடத்தைக் கருதுக. அரண்மனையன்று, கச்சேரியன்று, பிடியரிசியால் வளர்ந்த பள்ளிக்கூடம். முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுத்தறிவிக்கத் தொடங்கிய அவ்விடமே, ஊரார் தம் பிரதிநிதியைத் தெரிந்துரைக்கும் அவையாக முதிர்ந்தது. படித்தவனே விண்ணப்பத்தைப் படித்துணர்ந்து கையொப்பமிடுவான். தன் சமயத்தை அறிந்தவனே தன் சார்பிற் பேசுதற்கு உரியவன் யாவன் என்று ஆராய்வான். பள்ளி இல்லையேல் அக்கூட்டமும் இல்லை.

சிவபதமும் பின் நிகழ்ந்தனவும்

அவ்வாண்டு ஆடிச் சுவாதியிற் சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசைத் தினத்தன்று, வண்ணார்பண்ணை வித்தியாசாலையிலே நாவலர் பிரசங்கஞ் செய்தார். அதுவே அவருடைய கடைசிப் பிரசங்கமாயிற்று. பிரமாதி வருடம் கார்த்திகை மாதம் மக நட்சத்திரத்தில், 1879-ஆம் ஆண்டு டிசெம்பர் 5-ஆம் நாள், அவர் சிவபதம் அடைந்தார். ஐம்பத்தேழு ஆண்டு நிரம்புதற்குச் சில நாள் குறைந்த வாழ்வு அது. கார்த்திகை மகத்தில் அவருடைய குருபூசை சைவர்களாற் கொண்டாடப்பெற்று வருகின்றது.

அவர் நட்டவை அவரோடு மாளவில்லை. 1888-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற் சைவபரிபாலன சபை தோன்றிற்று. நாவலர் நடத்தியும் நிலைபெறாது போன ஆங்கிலக் கல்வியை அச்சபையார் மீண்டும் மேற்கொண்டனர். 1890-ஆம் ஆண்டில் அவர்தம் ஆதரவில் எழுந்த பள்ளியே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. நாவலர் ஆதரித்த இராமநாதன் சட்டநிரூபண சபையில் நெடுங்காலம் பணிபுரிந்து, 1913-ஆம் ஆண்டிற் பெண்களுக்கெனவும் 1921-ஆம் ஆண்டில் ஆண்களுக்கெனவும் கல்லூரிகள் நிறுவினார். அவ்விரண்டாம் கல்லூரியாகிய பரமேசுவரக் கல்லூரியின் வளாகத்திலே 1974-ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகக் கல்வியும் தொடங்கிற்று. 1923-ஆம் ஆண்டிற் சைவ வித்தியா விருத்திச் சங்கம் எழுந்து சிற்றூர்களெங்கும் சைவப் பள்ளிகளைப் பரப்பியது. தென்னிலங்கையிற் புத்த சமயத்தார் தமக்கெனப் பள்ளிகளைப் பெருக்கியது 1880-ஆம் ஆண்டிற்குப் பின்னரே. தம் சமயக் கல்வியைத் தாமே பேணுதல் வேண்டும் என்னும் எண்ணத்தை, அதற்கு முப்பது ஆண்டுகள் முன்னரே நாவலர் வண்ணார்பண்ணையிற் செயலாக்கினார்.

1960, 1961-ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் இலங்கையில் நன்கொடை பெற்ற பள்ளிகளிற் பெரும்பாலன அரசினர் பொறுப்பிற் சென்றன. மிஷன் பள்ளியும் சைவப் பள்ளியும் அதில் ஒன்றேயாயின. ஆயினும் பிள்ளை தன் சமயத்தைத் தன் பள்ளியிலேயே கற்கவேண்டும் என்னும் கொள்கை அழியவில்லை. இன்று அந்நாட்டுப் பாடசாலைகளில் அவ்வச் சமயப் பிள்ளைகளுக்கு அவ்வச் சமயம் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. சைவப் பிள்ளைகள் சைவநெறியைப் பயில்கின்றனர். ஒருவர் தம் ஊதியத்தைத் துறந்து தொடங்கிய பணி, ஒரு நாட்டின் பொதுக்கல்வி முறையோடு இயைந்து நின்றமை வியத்தற்குரியது.

அன்பர்க்கு ஒரு விண்ணப்பம்

கும்பாபிஷேகத்திற் பொருள் வழங்கிய அன்பர் பெருந்தொண்டு செய்தவராவர். கலசத்தின்மேற் சொரிந்த நீர் கற்பக்கிருகத்து மூர்த்தியிடத்தே அருளைப் பொலிவிக்கும். அவ்வருளை அறிந்து பெறுதற்குரிய தலைமுறையை ஆக்கும் பணியோ குடமுழுக்கு முடிந்த மறுநாளே தொடங்கவேண்டுவது. கோயில் மண்டபத்தின் ஒரு பக்கத்திற் பிள்ளைகளுக்குத் தேவாரப் பயிற்சி, ஏழை மாணாக்கர்க்குப் பாடநூல், யாவரும் புகுந்து படிக்கும் ஒரு நூல்நிலையம், வரவு செலவை ஆண்டுதோறும் அடியார் அறிய வெளியிடும் ஒழுங்கு ஆகிய இவை பெருஞ்செல்வம் வேண்டுவன அல்ல. ஊரிலுள்ள ஒவ்வோர் இல்லமும் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தாற் போதும்.

வண்ணார்பண்ணையில் மூடப்பட்ட ஆங்கிலப் பள்ளியின் கதவு, கோயில் எடுப்போர் யாவரும் நினைவிற் கொள்ளவேண்டிய கதவு. அது பகைவராற் சாத்தப்பட்டதன்று. நம்மவர் மறதியாற் சாத்தப்பட்டது. புதுக்குடமுழுக்குக் காணும் இத்திருக்கோயிலின் வாயில்போலவே, அதன் நிழலில் எழும் கல்விச்சாலையின் வாயிலும் அடியார் அனைவர்க்கும் திறந்தே விளங்குக. அதுவே நாவலர் பெருமானுக்குச் செய்யும் குருபூசை.

திருச்சிற்றம்பலம்